அப்பாவின் நம்பருக்கு மூன்று நடை, பெயருக்கு டெல்லி வரை

அக்டோபர் 21, பணியில் இறந்த போலீஸாரை நினைவுகூரும் காவலர் வீரவணக்க நாள். அன்று காலை ஆயுதப்படை மைதானத்தில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அந்த ஒரு அழைப்பிதழுக்கு மூன்று மாதம் அலைந்திருக்கிறேன்.

அப்பா கிரேடு டூ போலீஸ். 1997-ல் ஒரு ராத்திரி வாகனச் சோதனையில், நிறுத்தச் சொல்லியும் நிற்காத லாரி ஏறி இறந்துபோனார். அப்போது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு காவலர் வீரவணக்க நாள் வந்தால் ஸ்டேஷனிலிருந்து யாராவது வந்து அம்மாவைக் கூட்டிப் போவார்கள். நாங்கள் வேறு ஊருக்குக் குடிவந்ததும் அது நின்றுவிட்டது. அம்மா வாய் திறந்து கேட்டதில்லை. அக்டோபர் வந்தால் வெள்ளைப் புடவை ஒன்றைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைப்பார், அவ்வளவுதான்.

முகவரியை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து எஸ்.பி. ஆபீஸ் போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அட்ரஸ் மாத்தணும்னா கருவூலம் போம்மா" என்றார் கிளார்க். கருவூலத்தில் பென்ஷன் முகவரியைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள். அழைப்பிதழுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அரை நாள் லீவு போனதுதான் மிச்சம்.

இரண்டாவது நடையில் அதே கிளார்க், "பணியிடை மரணம்னு எதை வச்சு சொல்றீங்க?" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. மாதாமாதம் அதற்கான குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வருகிறது, அதை எடுத்துப் பார்த்தாலே போதும். சண்டை போடப் போனேன், அம்மா கையைப் பிடித்து இழுத்துவிட்டார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எஃப்.ஐ.ஆர். நகல் என்று கிளார்க் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். (எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் எப்போதும் கரண்ட் இருக்காது.)

மூன்றாவது நடையில்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. "நீங்க சொல்ற நம்பர்ல வேற ஆள் பேரு இருக்கு." அப்பாவின் போலீஸ் நம்பரை அம்மா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். காவல்துறையில் பெயரை விட நம்பர்தான் ஆளுக்கு அடையாளம். அது எப்படித் தப்பாகும்? வராண்டாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வயதான ஏட்டையா ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்கப்பா ஏ.ஆர்.ல, அதாவது ஆயுதப்படைல இருந்து லோக்கல் ஸ்டேஷனுக்கு வந்தவராம்மா? அப்ப நம்பர் மாறியிருக்குமே."

அதேதான். அம்மா மனப்பாடமாக வைத்திருந்தது கல்யாணத்தின்போது இருந்த ஆயுதப்படை நம்பர். இறக்கும்போது இருந்த நம்பர் டிரங்குப் பெட்டியின் அடியில், காவலர் கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக்கில் கிடைத்தது. அதைக் கொண்டுபோய் நீட்டினேன். ஐந்தே நிமிடத்தில் பதிவேட்டில் அப்பா வந்துவிட்டார். யாராவது இந்த வேலையைத் தொடங்குவதாக இருந்தால் முதலில் கடைசி நம்பரைத் தேடி எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அன்று மைதானத்தில் அதிகாரி ஒருவர், 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையின் தாக்குதலில் 10 போலீஸார் இறந்ததைச் சொன்னார். அந்த நாள்தான் அக்டோபர் 21. பிறகு மலர்வளையம், மூன்று முறை வானத்தை நோக்கித் துப்பாக்கி, பியூகிள். பெயர்கள் வாசிக்கத் தொடங்கியதும் அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அப்பா பெயர் வரவில்லை. வராது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் இந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுக்க இறந்தவர்களின் பட்டியல்தான் அங்கே வாசிக்கப்படுகிறது. 27 வருடத்துக்கு முந்தைய பெயருக்கு அதில் இடமில்லை. அப்பா இறந்து வந்த முதல் அக்டோபரில் வாசித்திருப்பார்கள். அம்மாவுக்கு அது நினைவில் இல்லை, அன்றைக்கு எதுவும் காதில் ஏறவில்லையாம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள். நான் சொல்லவில்லை.

அதனால்தான் டெல்லி. சாணக்கியபுரியில் 2018-ல் திறந்த தேசிய காவலர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பின் பணியில் இறந்த போலீஸாரின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். திறந்தபோதே 34,844 பெயர்கள். சனிக்கிழமை இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, திங்கட்கிழமை காலை இறங்கி, குளிக்கக்கூடச் செய்யாமல் ஆட்டோ பிடித்துப் போய் நின்றால் வாயில் பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை! யாரைக் குறை சொல்ல, பார்க்காமல் டிக்கெட் போட்டது நான்தான். அம்மா கம்பி வழியாக அந்த 30 அடி ஒற்றைக் கல்லைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். "இவ்வளவு பெரிசா!" என்றார்.

மறுநாள் உள்ளே போனோம். எங்களுக்கு இந்தி தெரியாது, காவலுக்கு நின்ற ஜவானுக்குத் தமிழ் தெரியாது. மாநிலம், வருடம், பெயர் மூன்றையும் தாளில் எழுதி வைத்திருந்தேன், அதைக் காட்டியதும் சுவர் ஓரமாகவே எங்களைக் கூட்டிப் போனார். அப்படியும் முக்கால் மணி நேரம் ஆனது. கிடைத்ததும் ஜவான் இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தை முந்தானையால் துடைத்தார். அப்புறம் அதற்கு மேலே இருந்த பெயரையும் கீழே இருந்த பெயரையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இவங்கள்லாம் எந்த ஊருன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.