மூன்று முறை வந்த சிறுமி

அறிவியல், தொழில்நுட்பம், கலை மூன்றையும் ஒரே இடத்தில் கூட்டும் இலவசத் திருவிழா ஒன்றில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் பொறுப்பு ஒரே ஒரு மேசை. அதன் நடுவில், தண்டில் பொருத்திய சதுரப் பித்தளைத் தகடு. அதன்மேல் தூவிய மணல். பக்கத்தில் வயலின் வில்லுடன் ஓர் இசைக்கலைஞர். அவர் தகட்டின் விளிம்பில் வில்லை இழுத்ததும் தகடு கூவும். மணல் துள்ளி ஓடி, நொடியில் ஒரு நட்சத்திரமாகவோ கட்டங்களாகவோ நின்றுவிடும்.

ஜெர்மானிய இயற்பியலாளரான எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787இல் இந்த உருவங்களை நூலாக வெளியிட்டார். 1809இல் நெப்போலியன் முன்னிலையிலும் செய்து காட்டினார். உருவங்களுக்குப் பின்னாலுள்ள கணிதத்திற்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. 1816இல் அதை வென்றவர் ஸோஃபி ஜெர்மேன் என்ற பெண். முதல் ஆண்டு இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். வில் தகட்டைத் தொடும் முன்பே அதிர்வெண், கணுக்கோடு என்று தொடங்கிவிடுவேன். வந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள்.

இரண்டாம் நாள் இசைக்கலைஞர் சொன்னார்: “சார், முதலில் அவர்கள் பார்க்கட்டும். கேட்டால் சொல்லுங்கள்.”

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அன்று காலை ஒரு சிறுமி தாயுடன் வந்தாள். பார்த்தாள். மணல் ஏன் அங்கே போகிறது என்று கேட்டாள். “நடுங்கும் இடம் எதையும் உதறித் தள்ளிவிடும், நடுங்காத கோட்டில்தான் எல்லாம் போய் நிற்கும்” என்றேன். போய்விட்டாள்.

பிற்பகலில் மீண்டும் வந்தாள். இம்முறை இசைக்கலைஞர் அவளுடைய விரலைத் தகட்டின் ஓரத்தில் வைக்கச் சொன்னார். விரல் தொட்ட இடம் நடுங்க முடியாதல்லவா? அதற்கேற்ப உருவம் மாறியது. விரலை நகர்த்தி நகர்த்தி ஏழெட்டு உருவங்கள் எடுத்தாள். பின்னால் வரிசை நீண்டது; யாரும் முணுமுணுக்கவில்லை, அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில், நாங்கள் மணலைத் தூரிகையால் கூட்டி அள்ளத் தொடங்கிய நேரத்தில், மூன்றாம் முறை வந்தாள். மணலுக்குப் பதிலாக வேறு ஏதாவது போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவளுடைய அம்மா பையிலிருந்து குழந்தைக்குப் பூசும் பவுடரை எடுத்துத் தந்தார். தூவினோம். வில் இழுபட்டது. பவுடர் சின்னச் சின்னக் குவியல்களாகத் திரண்டது, மிகுதியாக நடுங்கும் இடங்களில்! மணல் நிற்கவே முடியாத இடங்களில்!

“அங்கிள், காலையில் அங்கே எதுவும் நிற்காது என்றீர்களே?”

எனக்குத் தெரியவில்லை என்று அவளிடமே சொன்னேன். இரவு தேடிப் படித்தேன். 1831இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதே கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறார். நடுங்கும் தகடு தனக்கு மேலுள்ள காற்றில் சிறு ஓட்டங்களை உண்டாக்குகிறது. அவை மிகுதியாக நடுங்கும் இடத்தை நோக்கிப் போய் அங்கே மேலெழுகின்றன. நுண்ணிய தூளை அந்தக் காற்று இழுத்துச் செல்கிறது. கனமான மணலை அதனால் இழுக்க முடிவதில்லை. காற்றை நீக்கிய கலத்தில் செய்துபார்த்தபோது தூளும் மணலைப் போலவே கணுக்கோடுகளுக்கு, அதாவது தகடு நடுங்காத கோடுகளுக்கு, போயிற்று. எத்தனையோ முறை அந்தத் தகட்டைப் பார்த்தவன் நான். காற்றைப் பற்றி ஒருமுறைகூட நினைத்ததில்லை.

அந்தக் கேள்வி காலையில் பிறந்திருக்காது. போய், மனத்தில் அசைபோட்டு, திரும்பி வந்ததால் பிறந்தது. நுழைவு இலவசம் என்பதை ஏழைக்குச் செய்யும் உதவியாகவே பலர் பேசுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதிதான். டிக்கெட் வாங்கியவர் ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்கிறார். கதவு திறந்தே கிடந்தால் மட்டுமே ஒரு குழந்தை ஒரே மேசைக்கு மூன்று முறை வர முடியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பார்வையாளருக்கு இலவசம் என்பதால் கலைஞரும் இலவசமாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. எனக்குச் சம்பளம், வில் பிடிப்பவருக்குப் பொன்னாடை என்பது நியாயமே இல்லை. அவர் கை இல்லையென்றால் என் மேசையில் இருப்பது வெறும் தகடு. எங்கள் திருவிழாவில் அவருக்கும் ஊதியம் உண்டு. அதற்காகச் சிலர் பிடிவாதமாக நின்றார்கள்.

திருவிழா முடிந்தபின் கணக்குக் கூட்டம். வாசலில் ஆட்களை எண்ணியபோது திரும்பி வந்தவர்களும் புதியவர்களாகவே சேர்ந்துவிட்டார்கள், அவர்களைக் கழித்துவிட வேண்டும் என்றார் ஒருவர். கழிக்க வேண்டாம், தனி வரியாக எழுதுங்கள் என்றேன். எங்கள் வேலை பலித்ததற்கு என் கண்ணில் பட்ட ஒரே சான்று அதுதான் என்றும் சொன்னேன். அந்த ஆண்டு யாரும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டுப் படிவத்தில் அந்த வரி இருந்தது.

இப்போது என் மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்றில் மணல், மற்றொன்றில் பவுடர். இரண்டிலும் எந்தச் சீட்டும் ஒட்டவில்லை. யாராவது இரண்டாவது கிண்ணத்தை எட்டிப் பார்க்கும்வரை நான் ஒன்றும் சொல்வதில்லை.