தட்டுக்கழி எட்டும் தூரம்

பரதநாட்டிய வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு, முட்டியைப் பக்கவாட்டில் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டி லேசில் அமையாது. முட்டி இரண்டும் முன்னால் சாயும், பின்புறம் தூக்கும், இடுப்பு வளையும். உடனே தொடையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளத்தான் மாஸ்டருக்குக் கை பரபரக்கும். தள்ளிய நிமிடம் அழகாக இருக்கும், கையை எடுத்ததும் பழையபடி மடங்கும். கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். அங்கே திரும்பாத காலைத் தள்ளினால் பாரம் முட்டியின் உள்பக்கம் ஏறும். தொடாமல் சொல்லிக்கொடுப்பது மரியாதைக்கு மட்டுமில்லை, முட்டிக்கும் நல்லது.

சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிக் குதிகாலை வைத்து, முதுகு சுவரை விடாமல் மெல்ல இறங்கச் சொல்லுங்கள். இடுப்பு வளைந்தால் சுவருக்கும் இடுப்புக்கும் நடுவே சந்து விழும். பிள்ளையே தன் கையை நுழைத்துப் பார்த்துக்கொள்ளும். முட்டி, காலின் இரண்டாம் விரலுக்கு நேராகப் போகிறதா என்பதைக் கண்ணாடி சொல்லும். கை இரண்டையும் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் நாட்டியாரம்பத்தில் முழங்கை தொங்கினால், தாளம் தட்டும் தட்டுக்கழியைத் தோள் உயரத்தில் கிடையாகப் பிடித்து, "அம்மிணி, முழங்கை கழியைத் தொடட்டும்" என்றால் போதும்.

அப்படியும் தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் மணிக்கட்டு, முழங்கை, தோள் நுனி, அவ்வளவுதான். அதுவும் "தொட்டுத் தூக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டு, தலையாட்டிய பிறகு, எல்லார் கண்ணெதிரே. "அடிச்சாவது சொல்லிக்குடுங்க மாஸ்டர்" என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அது அவர்கள் கொடுத்த அனுமதி, பிள்ளை கொடுத்ததல்ல.

உடம்பைத் தொடாமலே எல்லைக் கோட்டைத் தாண்டும் இடமும் உண்டு. காதலைப் பாடும் வர்ணம், பதம் போன்ற உருப்படிகள் வரும்போது பதின்மூன்று வயசுப் பிள்ளை விரகம், அதாவது காதலன் பிரிவில் வாடுவதை, முகத்தில் காட்ட வேண்டியிருக்கும். முகபாவம் வரவில்லை என்று, "உனக்கு யாரையாவது பிடிக்குமா, அதை நினைச்சுக்கோ" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கவே கூடாத கேள்வி. சாகித்தியத்தின், அதாவது பாட்டு வரிகளின், பொருளை ஒவ்வொன்றாகப் பிரித்து, யார், யாருக்காக, எந்த நேரத்தில் காத்திருக்கிறாள் என்று சொன்னால் முகம் தானே வரும். வரவில்லையென்றால் அந்த உருப்படியை ஆடப் பிள்ளைக்கு இன்னும் வயசாகவில்லை. வேறு உருப்படி எடுங்கள்.

வீட்டில் ஆடிய வீடியோ, பெற்றவர் போனிலிருந்துதான் வரவேண்டும். பார்த்துத் திருத்தம் சொன்னதும் அழித்துவிடுங்கள். அரங்கேற்றச் செலவில் தையல், நகை, மேக்கப், பக்கவாத்தியம், மண்டபம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ரசீது வேண்டும். தையல்காரரிடம் கமிஷன் வாங்கிய மாஸ்டரால் சரியில்லாத ரவிக்கையைப் பற்றி வாய் திறக்க முடியாது.

கொங்கில் இப்போது, வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளிக்கும்மி ஊருக்கு ஊர் நடக்கிறது. பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மி சொல்லிக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். பயிற்சி பெரும்பாலும் ராத்திரியில், கோயில் திடலில். அங்கே கண்ணாடியும் இல்லை, கதவும் இல்லை. திறந்த வெளியே பாதுகாப்பு. சிக்கல் எல்லாம் உடை மாற்றும்போதும் ஊர் திரும்பும்போதும்தான். இரண்டு பழைய சேலை, பத்தடிக் கயிறு, ஊக்கு கொண்டுபோனால் பள்ளிக்கூட வராந்தாவிலும் மறைப்புக் கட்டலாம். மேக்கப் போடுகிறவருக்கு முகமும் தலையும் மட்டும். ரவிக்கை ஊக்கும் மேலாக்கும் அம்மாக்கள் பாடு.

எதுவும் மீறி நடந்தால், "ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாமுங்க, புள்ளை பேரு கெடும்" என்று பெரியவர்கள் வருவார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் வரும். விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் 1 வருடம் வரை. பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரிலேயே எழுதிவைக்கலாம், தாளச் சொற்கட்டான ஜதியை எழுதுகிற பலகைக்குப் பக்கத்தில்.

வேன் விஷயம் சின்னது போலத் தெரியும். சத்தியமங்கலத்தில் நிகழ்ச்சி முடிந்து கோபி, கவுந்தப்பாடி வழியாக ஈரோடு திரும்பினால், ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் ஒரே பிள்ளையும் மாஸ்டரும் மிஞ்சுவார்கள். அந்தக் கடைசிப் பிள்ளையின் வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பும்போதே வேனில் ஏறவேண்டும். ஆள் இல்லையென்றால் மாஸ்டர் கோபியிலேயே இறங்கி பஸ் பிடித்தாலும் சரியாகாது, டிரைவரோடு பிள்ளை தனியாகிவிடும். அதனால் யார் எங்கே இறங்குவது என்ற பட்டியலை முதல் நாளே எழுதி, குரூப்பில் போட்டுவிடுவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும்.