110 கிலோமீட்டரில் 2,270 ஆர்பிஎம்: டொயோட்டா 86 ஆட்டோவின் ஆறாவது கியர்

தாளில் போட்ட கணக்கும் காரின் கணினி சொல்லும் எண்ணும் ஒருவழியாக ஒத்துவந்துவிட்டன. என்னுடைய டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் ஆட்டோ, அதாவது தானாகவே கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக் வகை; அதில் உண்மையான 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 2,270 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடுகிறது. இதே காரைக் கையால் கியர் மாற்றும் மேனுவலில் வைத்திருக்கும் நண்பர், தம்முடையது அதே வேகத்தில் 3,000ஐ ஒட்டி ஓடுவதாகவும், ஸ்போர்ட்ஸ் கார் இப்படிச் சோம்பிக் கிடந்தால் கியர்பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றும் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவந்தார். அந்தப் பேச்சுக்கு எண்களால் பதில் சொல்லவே இந்த வேலையில் இறங்கினேன்.

விகிதங்களைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஆட்டோவின் ஆறாவது கியர் 0.582, மேனுவலின் ஆறாவது 0.767, பின்னச்சில் இருக்கும் இறுதி விகிதம் இரண்டிலும் 4.100. பெருக்கிப் பார்த்தால், பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஆட்டோ எஞ்சின் 2.386 சுற்றும், மேனுவல் எஞ்சின் 3.145 சுற்றும் சுற்றுகின்றன. ஆட்டோவில் நான்காவது கியரே 1.000 ஆகிவிடுவதால், அதற்கு மேலுள்ள இரண்டும் ஓவர்டிரைவ், அதாவது கியர்பெட்டியின் வெளியீட்டுத் தண்டைவிட எஞ்சின் மெதுவாகச் சுற்றும் கியர்கள். மேனுவலில் ஐந்தாவதுதான் 1.000, ஓவர்டிரைவ் ஒன்றே ஒன்று. இறுதி விகிதம் 4.300 ஆக மாற்றப்பட்ட பிற்கால மேனுவல்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

நேரத்தை விழுங்கியது டயரின் சுற்றளவு. 215/45ஆர்17 என்ற அளவிலிருந்து விட்டம் 625 மில்லிமீட்டர், சுற்றளவு 1,964 மில்லிமீட்டர் என்று கணக்கிடலாம்; பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் பளு ஏறிய டயர், அதிலும் தேய்ந்த டயர், ஒரு சுற்றில் அவ்வளவு தூரம் உருள்வதில்லை. ஆகவே காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, பின்டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்காரவைத்து, சமதளத்தில் சில முழுச் சுற்றுகள் காரைத் தள்ளி, மொத்த தூரத்தை அளந்து வகுத்தேன். கிடைத்தது 1,930 மில்லிமீட்டர். இந்தச் சிறு வித்தியாசமே 110 கிலோமீட்டரில் 40 ஆர்பிஎம்மாகத் தெரிகிறது. கணக்கு ஒத்துவராமல் அடம்பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது வேகம். மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, ஓரளவு கூட்டிக் காட்டலாம் என்பதே ஐ.நா. ஒழுங்குவிதி 39, என் காரின் முள் 110ஐத் தொடும்போது ஜிபிஎஸ் 105ஐ ஒட்டியே நிற்கிறது. காரின் கணினித் தகவலை வெளியே எடுக்கும் ஓபிடி இணைப்பு வழியாக வரும் வேகமோ முழு எண்ணாக மட்டுமே வருகிறது, ஆர்பிஎம் மட்டும் கால் சுற்று நுட்பத்தில் வருகிறது. எனவே வேகத்துக்கு ஜிபிஎஸ், ஆர்பிஎம்முக்கு ஓபிடி என்று பிரித்துக்கொண்டு, மலேசியாவில் பீடோருக்கும் தாப்பாவுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் மிதியை அசைக்காமல் ஓட்டிப் பதிவு செய்தேன்.

பிறகு ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்து வரைபடமாக்கியதும் கியர்பெட்டியின் நடத்தை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறாவது கியருக்கு 20.6, ஐந்தாவதுக்கு 25.2, நான்காவதுக்கு 35.4 என்று மூன்று படுக்கைக் கோடுகள். கியர் மாறும் கணங்களை நீக்கிவிட்டால், கோட்டுக்குச் சற்று மேலே மிதக்கும் புள்ளிகள் யாவும் எஞ்சினையும் கியர்பெட்டியையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் விட்டுக்கொடுத்து, எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும் நேரங்கள். மிதியைச் சற்றே அழுத்தும்போது ஆர்பிஎம் முள் நூறு இருநூறு ஏறுவதைக் கண்டு கியர் இறங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த வரைபடத்தை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்; கியர் இறங்கினால் ஏற்றம் ஐந்நூறு அளவில் இருக்கும்.

ஓபிடி கருவியைப் பற்றி ஒரு புலம்பல். ஜாலான் பாசார் பக்கத்தில் வாங்கிய மலிவுக் கருவியின் மேல், உள்ளிருக்கும் சில்லின் பெயராக ஈஎல்எம்327 பதிப்பு 1.5 என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சில்லை உருவாக்கிய மூல நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. புளூடூத் இணைப்பு நினைத்தபோதெல்லாம் அறுந்தது. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வேறொன்று வாங்கிய பிறகே பதிவுகளில் ஓட்டை விழுவது நின்றது.

ஆட்டோவுக்கு ஏன் இவ்வளவு நீண்ட ஆறாவது கியர் என்றால், தேவைப்பட்ட கணத்தில் பெட்டியே கியரை இறக்கிக்கொள்ளும் என்பதால்தான். அதே சக்தியைக் குறைந்த சுற்றில் எடுக்கும்போது காற்று நுழையும் கதவான த்ராட்டில் அதிகமாகத் திறந்திருக்கும், எஞ்சின் காற்றை இழுக்க வீணாக்கும் உழைப்பு குறையும், உராய்வும் குறையும். அமெரிக்க அரசின் எரிபொருள் மதிப்பீட்டில் 2013ஆம் ஆண்டு மாடலின் ஆட்டோ நெடுஞ்சாலையில் கேலனுக்கு 34 மைலும், மேனுவல் 30 மைலும் பெற்றன. இதற்கு விலையும் உண்டு. இந்த 2 லிட்டர் எஞ்சின் தன் 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை எட்டுவது 6,400 ஆர்பிஎம்மில். 2,200ல் கையிருப்பு சொற்பம். ஆட்டோ கியர்பெட்டி பொருத்திய ஐந்தாம் தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் 2.73 இறுதி விகிதத்தோடு 100 கிலோமீட்டரை 1,500 ஆர்பிஎம்மிலேயே சுமந்து செல்கிறது என்றால், அதற்கு 5.7 லிட்டர் எஞ்சின் இருக்கிறது. என் காரோ ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறும்போது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே அலைபாய்கிறது. அங்கே நாமே கியரைத் தேர்ந்தெடுக்கும் எம் நிலைக்கு மாற்றி ஐந்தில் நிறுத்திவிடுவதே என் வழக்கம். சத்தம் கொஞ்சம் கூடினாலும் காரின் மூச்சு சீராகிறது.

அந்த ஏற்றத்தின் பதிவுகளை இன்னும் பிரித்து முடிக்கவில்லை. அதற்குள் மனம் 225/40ஆர்18 டயருக்குப் போய்விட்டது. விட்டம் 637 மில்லிமீட்டராவதால் 110ல் ஆர்பிஎம் ஏறத்தாழ 2,225க்கு இறங்கும், ஆறாவது கியர் மலையில் இன்னும் முன்னதாகவே கைவிடும். லாக்-அப் வழுக்கும் நேரங்களில் கியர் எண்ணெயின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்த பிறகுதான் சக்கரங்களுக்கு முன்பணம் கட்டுவேன்.