"எங்க அம்மா தினமும் அதைத்தான் பண்றாங்க, மிஸ்"

நான் பார்க்கிற வேலைக்குக் கருத்தாளர் என்று பெயர். வடசென்னைப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கணும். ஆரம்பத்தில் பயிற்சி என்றால் பவர்பாயிண்ட், சமோசா, டீ, கடைசியில் குரூப் போட்டோ. பனிக்கரடியைக் காட்டுவேன், கைதட்டுவார்கள், அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம்.

கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு. நான் கடைசி பெஞ்சில். டீச்சர் நான் கொடுத்த சார்ட்டைத்தான் மாட்டியிருந்தார்: மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலம். "வீட்ல யாரெல்லாம் குப்பையைப் பிரிச்சுப் போடுறீங்க?" என்று கேட்டதும் ஒரு பெண் எழுந்து, "எங்க அம்மா தினமும் அதைத்தான் பண்றாங்க, மிஸ்" என்றாள். குப்பை பொறுக்கிப் பிரிப்பதுதான் அவள் அம்மாவின் வேலை. பின்னால் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். டீச்சர் முகம் மாறிவிட்டது. "சரி, உட்காரும்மா" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

இண்டர்வெல்லில் என்னிடம் வந்து, "நான் என்ன சார் சொல்லியிருக்கணும்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்த கையேட்டில் அந்தப் பெண்ணுக்கு இடமே இல்லை.

அடுத்த வாரம் அவளிடம் முன்கூட்டியே தனியாகக் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் செய்தோம். எல்லாரும் வீட்டிலிருந்து கழுவிய பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார்கள். அவள் உட்கார்ந்து மடமடவென்று பிரித்தாள். தண்ணீர் பாட்டில் தனி, அதன் மூடியைத் திருகி எடுத்து அது தனி, பால் கவர் தனி. சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் ஒதுக்கித் தள்ளி, "இதைக் காயலான் கடையில எடுக்க மாட்டாங்க" என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியும்: உள்ளே பளபளவென்று இருக்கிற அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை, பிரிப்பது லேசில்லை. மூடி ஏன் தனி என்பதற்கு ஒரு பக்கெட் தண்ணீர் போதுமாக இருந்தது. பாட்டிலைச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டால் மூழ்குகிறது, மூடித் துண்டு மிதக்கிறது. அடர்த்திப் பாடம் அங்கேயே முடிந்தது. பாதி அவள் நடத்தினாள், பாதி டீச்சர். சிரித்த பையன்கள்தான் பக்கெட்டை விட்டு நகரவே இல்லை.

இதைச் செய்ய அந்த டீச்சருக்குக் கையேடு தேவைப்படவில்லை, கூட ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளப் பதிவு, தேர்தல் வேலை, விடைத்தாள் எல்லாவற்றுக்கும் நடுவில் சுற்றுச்சூழல் மன்றத்தையும் பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் கட்டிவிடுகிறார்கள், அப்புறம் அவர் யாரைக் கேட்பார்? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்று பாடம் நடத்தினால், "அப்போ கடையில எப்படி மிஸ் கிடைக்குது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்காமல் இருக்காது.

எண்ணூர் பக்கத்து டீச்சர் ஒருவருக்குச் சிக்கல் இதைவிடப் பெரிசு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பற்றிப் பேசணும். அவர் வகுப்பில் மீனவர் பிள்ளையும் கம்பெனி காண்ட்ராக்ட் தொழிலாளி பிள்ளையும் ஒரே பெஞ்ச். "யார் மேல தப்புன்னு கேட்டா என்ன சார் சொல்றது?" என்று ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்தார். முதலில் படகிலும் வலையிலும் எண்ணெய் எப்படி ஒட்டியது, எதைப் போட்டுக் கழுவினார்கள் என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள் என்றேன். அவருக்கு அது போதவில்லை, எனக்கும்தான்.

வகுப்பு அடுத்த செவ்வாய். தலைமையாசிரியரிடம் நானே போய்ப் பேசிவிட்டு வந்தேன். அன்றைக்கும் கடைசி பெஞ்சில் இருப்பேன்.