பதினான்கு நாள் கணக்கு

வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லித் தீர்ப்பு வந்த அன்று அப்பா கோட்டிலிருந்து வந்ததும் தையல் மெஷினை உறை போட்டு மூடினார். "சாமான் கட்டுவோம்மா" என்றார். அட்டனில் இருபத்தெட்டு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு.

மூன்று மாத வாடகை பாக்கி என்பதுதான் வழக்கு. அப்பா காசோடு போய் நின்றார், வீட்டுக்காரர் வாங்கவில்லை. வாங்க மறுத்தால் நகரசபையில் கட்டலாம், அது வீட்டுக்காரரிடம் கட்டியதற்குச் சமம் என்று 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே சொல்கிறது. அது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதன்பிறகு கட்டிய ஒவ்வொரு ரசீதையும் அப்பா பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார்.

தீர்ப்பு சிங்களத்தில். எங்கள் வீட்டில் அதை வாசித்து விளங்கிக்கொள்ள யாருமில்லை. தமிழாக்கம் கிடைத்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்துவிட்டால் கதை முடிந்தது. தீர்ப்பு சொன்ன நாளிலிருந்தே நாள் ஓடுகிறது.

அன்றிரவு கடைக் காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தேன். மேன்முறையீடு செய்யப் போகிறோம் என்று சொல்லும் மேன்முறையீட்டு அறிவித்தலைத் தீர்ப்புக் கொடுத்த மாவட்ட நீதிமன்றத்திலேயே 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள் கணக்கில் இல்லை. ஞாயிறுகளையும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையையும் பென்சிலால் வெட்டினேன். சனிக்கிழமையை வெட்டப் போனபோது சட்டத்தரணி போனில் தடுத்தார்: "சனி கணக்கில் வரும், தங்கச்சி." அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அறிவித்தலோடு எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், அவர்களுக்குப் பிரதி கொடுத்த சான்றும் போக வேண்டும். மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து 60 நாள். அதில் லீவு நாள் எதையும் கழிக்க முடியாது.

அறிவித்தல் கொடுத்தாயிற்று, இனி நிம்மதி என்று நினைத்தோம். இல்லை. மேன்முறையீடு இருக்கும்போதே தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு வீட்டுக்காரர் தரப்பு மனுப் போட்டது. அதை நிறுத்த, வெளியேற்றினால் எங்களுக்குப் பெரிய நட்டம் என்று நீதிமன்றத்துக்குக் காட்டி, பிணையும் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்த வாசலுக்கு வருகிறவர்கள். வேறு தெருவுக்குப் போனால் தொழிலே போய்விடும். அதைத்தான் சத்தியக்கடதாசியில் எழுதினோம். தடை கிடைத்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1979ஆம் ஆண்டின் அரச காணி மீட்புச் சட்டத்தின் கீழ் நீதவான் வெளியேற்றக் கட்டளை போட்டால் மேன்முறையீடு கிடையாது. அந்தக் கட்டளையைத் திருப்பிப் பார்க்கக் கேட்கும் மீளாய்வு மனுவோடுதான் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். எனவே கையில் வந்த கடதாசி எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதை முதலில் பாருங்கள். அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

எங்கள் வழக்கு இப்போது கண்டியில், குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தில். அடுத்த தவணைக்கு விடிய முதல் பஸ்ஸில் போக வேண்டும். பிஸ்கட் டின் அப்பாவின் மடியில்தான் வரும்.