தங்கையின் கவர் பாட்டும் ஒரு ‘அவளும்’

நாற்பது வருடத்துக்கு முந்தைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடி ஸ்பாட்டிஃபையில் ஏற்ற வேண்டும் என்பது தங்கையின் ஆசை. பழைய பாட்டை நம் குரலில் மறுபடி பாடும் கவர்தானே, யார் தடுக்கப்போகிறார்கள் என்று ஒரு கரோக்கி டிராக்கின் மேல் பாடி, இந்த மாதிரி தளங்களில் பாட்டை ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பினோம். இரண்டே நாளில் திரும்பி வந்தது. பின்னணி இசை இன்னொருவருடைய பதிவாம்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. நாமே வாசித்துப் பதிவு செய்தால் கடைசிச் சிக்கல் தீரும்; முதல் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். யூடியூபில் ‘இது எங்கள் பாட்டு’ என்று உரிமையாளரின் க்ளெய்ம் விழுந்தும் வீடியோ ஓடுகிறதே என்று நினைத்திருந்தேன். அங்கே விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகிறது. அதை நம்பி மற்ற தளங்களில் போட முடியாது.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவு கண்ணில் பட்டது. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கடந்திருந்தால், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ராயல்டியையும் முன்னதாகக் கட்டிவிட்டுக் கவர் செய்யலாம். குதித்தேன். கொஞ்சம் கீழே, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி என்று இருந்தது. எங்கள் சேனலில் 112 பேர், பாதி அத்தை பிள்ளைகள். கேசட் காலத்துக் கணக்கு, நமக்குச் சரிப்படாது.

நேராகப் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் இசை நிறுவனத்துக்கே, அதாவது லேபிளுக்கே, எழுதினேன். படம், ஆண்டு, எத்தனை நிமிடம், எங்கெங்கே வெளியீடு, ஆடியோ மட்டுமா வீடியோவும் உண்டா, எல்லாம் ஒரே மெயிலில். பதிலில்லை. மூன்றாவது வாரம் போன் செய்த பிறகுதான் சாம்பிள் கேட்டார்கள். இதற்குள் கிட்டாரோடு புதிதாகப் பதிவு செய்திருந்தோம்; அதை அனுப்பினோம்.

“நல்லா இருக்கு சார். ஆனா மூலத்துல ‘அவள்’. உங்க தங்கச்சி ‘அவன்’னு பாடியிருக்காங்க.”

பெண் பாடுகிறாளே என்று நாங்களாக மாற்றியது. அனுமதியில்லாமல் வரியை மாற்றக் கூடாது என்று 31சியிலும் இருக்கிறது; அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று இரவே ஃபேனை நிறுத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தச் சரணத்தை மறுபடி பாடினாள்.

ஆடியோவுக்கு மட்டும் கடிதம் வந்தது. அதை இணைத்து, பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களைச் சரியாக நிரப்பி அனுப்பியதும் டிஸ்ட்ரிபியூட்டர் ஏற்றுக்கொண்டார்கள்.

பாட்டு வெளியான அன்று அத்தை போன் செய்தார். “யாருடி அந்த அவள்?”