மூன்று மணி நேரம்

மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவும் களப்பணியில் நான் சேர்ந்த புதிதில், என் பையில் எப்போதும் ஒரு கட்டுத் தாள்கள் இருக்கும். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மறதி நோய்ப் பிரிவு, 1992 முதல் இந்நோய்க்கென்றே இயங்கிவரும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பு என எல்லா விவரமும் அதில் அச்சாகியிருந்தன. வீடு வீடாகச் சென்று அதைக் கொடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தவர் வடசென்னையில் வசிக்கும் ஒரு மருமகள். அவருடைய மாமியாருக்கு 78 வயது. மாலை ஐந்து மணியானால் புடவைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, தாம் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் வீட்டின் வாசலிலேயே நின்று, "இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும்" என்று அழத் தொடங்கிவிடுவார். மாதந்தோறும் நாங்கள் நடத்திய பராமரிப்பாளர் கூட்டத்திற்கு அந்த மருமகளை அழைத்தபோது, தாளை மடித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நான் அங்க வந்துட்டா இவங்கள யார் மேடம் பாத்துக்கறது?"

கூட்டத்திற்கு ஆள் வராததற்கு விழிப்புணர்வுக் குறைவே காரணம் என்று அதுவரை அறிக்கைகளில் எழுதிவந்தது நான்தான். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

2023-இல் வெளியான லாசி-டாட் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோரை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நான் போன வீடுகளில் அப்படிப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான். தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கக்கூடும் என்பதால் முதலில் அவற்றைப் பரிசோதிக்கச் சொல்வோம். அவை இல்லையென்று உறுதியான பின் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை அறிகுறிகளை ஓரளவு தணிக்குமே தவிர நோயைத் தீர்க்காது. மீதி நாளெல்லாம் வீட்டின் பொறுப்பு.

ஆகவே கூட்டத்தின் முறையை மாற்றினோம். அதே தெருவின் சமுதாயக் கூடத்தில் வாரம் இரண்டு நாள், காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, முதியவர்களை நாங்களே பார்த்துக்கொண்டோம். கீரை ஆய்வது, வேர்க்கடலை உரிப்பது, பூத் தொடுப்பது என அவர்களின் கைகள் மறக்காத வேலைகளைக் கொடுத்தோம். மகனின் பெயரை மறந்துவிட்ட ஒரு பாட்டியின் விரல்கள் முல்லைச் சரத்தை இழை பிசகாமல் தொடுத்தன. பக்கத்து அறையில் பராமரிப்பாளர்களுக்கான ஆலோசனைக்கும் ஏற்பாடு இருந்தது. முதல் மாதம் அதற்கு யாரும் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, சிலர் வங்கிக்கும் சிலர் தங்கள் ரத்த அழுத்தத்தைப் பரிசோதிக்கவும் போயிருந்தார்கள். பலர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருந்தார்கள்.

புதிய குடும்பங்களை எங்களுக்கு அடையாளம் காட்டியவர்கள் பெரும்பாலும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்களே. போன மாதம் கொடுத்த அட்டை பிரிக்கப்படாமல் கிடப்பதையோ, ஒரு மாதத்துக்குரியது பத்தே நாளில் தீர்ந்திருப்பதையோ அவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். வழி தவறி நடந்தவர்களைத் திரும்ப அழைத்துவந்ததில் ஆட்டோ நிறுத்தத்துக்காரர்களின் பங்கு பெரிது.

அந்த மருமகள் நான்காம் மாதம்தான் ஆலோசனை அறைக்குள் வந்தார். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடுவதை விட்டுவிட்டு, மூட்டையைத் தானே வாங்கிக்கொண்டு மாமியாருடன் பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்பி, "வீடு வந்துடுச்சு" என்று சொல்லும்படி அங்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான் அல்ல, கணவரைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு பெண். பெரும்பாலான மாலைகளில் அது பலிக்கிறது என்றார்.

முகூர்த்த நாட்களில் கூடம் திருமணத்துக்குப் போய்விடும். அன்று காலையிலேயே அவரிடமிருந்து அழைப்பு வரும், வேறு எங்காவது ஒரு மணி நேரமாவது கிடைக்குமா என்று.